அயல்நாடு செல்வோரும் மருத்துவக் காப்பீடும்

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டினார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்பன அவை. நம் காலத்தில் ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பணம் கட்டுபவர் யார் என்பதே அது. பல்கலைக்கழகத்தில் இருக்கும்வரை இந்த ஐந்தாவதைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. காய்ச்சல் கண்டால் மருந்தகத்துக்கு நடந்து போகிறோம். சீட்டு எழுதித் தருகிறார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறோம். எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

நம் மன்றத்து நண்பர்களுள் ஆண்டுதோறும் சிலர் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்கின்றனர். விமானக் கட்டணம் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, குளிருக்கு ஏற்ற கோட்டு எங்கே கிடைக்கும் என்றெல்லாம் மூத்த மாணவர்களைக் கேட்டு அறிகிறோம். மருத்துவக் காப்பீடு பற்றி மட்டும், “விசாவுக்கு ஒரு காகிதம் வேண்டும், எது மலிவோ அதை வாங்கு” என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை அந்த உறக்கத்திலிருந்து எழுப்பியவர் என் தந்தையார்.

எனக்கு இளமை முதல் இரைப்பு நோய் உண்டு. ஆஸ்துமா என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். கோவையில் இருந்தவரை அது அடங்கியே இருந்தது. தில்லிக்கு வந்த முதல் நவம்பரில், புகையும் பனியும் கலந்து இறங்கிய ஒரு வாரத்தில், இரண்டு இரவுகள் உட்கார்ந்தபடியே உறங்கினேன். அன்று முதல் இன்ஹேலர் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. இந்த ஆண்டு எம்.எஸ்ஸி. முடிக்கும் தறுவாயில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று ஜெர்மனி, மற்றொன்று அமெரிக்கா. மகிழ்ச்சியோடு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கிடைக்கப்போகும் தொகையை ரூபாயில் பெருக்கியும் காட்டினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சம்பளம் கிடக்கட்டும் கண்ணு. அங்கே உனக்கு மூச்சு முட்டினால் எவ்வளவு ஆகும்?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அறிவியல் மாணவன் ஒருவனுக்கு ஓர் எளிய கணக்குக்கு விடை தெரியாமற்போனது வெட்கமாக இருந்தது. அந்த விடையைத் தேடி இரண்டு மாதம் படித்ததையும் கேட்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

காப்பீட்டின் அடிப்படை

அப்பா நூற்பாலைத் தொழிலாளி. அவருடைய சம்பளச் சீட்டில் மாதந்தோறும் இ.எஸ்.ஐ. என்று ஒரு சிறு தொகை பிடித்தம் செய்யப்படும். அதனால்தான் சிறுவயதில் எனக்கு இழுப்பு வரும்போதெல்லாம் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே பணம் கேட்டதில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இத்திட்டத்தை 1952 பிப்ரவரி 24 அன்று நேரு கான்பூரில் தொடங்கி வைத்தார். 2019 ஜூலை முதல் தொழிலாளி தம் கூலியில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர்.

காப்பீட்டின் உட்பொருள் இதிலேயே அடங்கியிருக்கிறது. நோய் யாருக்கு, எப்போது வரும் என்பதை எவரும் சொல்ல முடியாது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்லிவிடலாம். ஆகவே ஆயிரம் பேரும் சிறிது சிறிதாகப் போட்டு வைத்தால், நோய்வாய்ப்பட்ட சிலரின் பெருஞ்செலவை அது தாங்கும். இதுவரை எந்த நாட்டிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு மூன்று இடங்களில் எழுகிறது. பணத்தை யார் போடுவது? நோயாளி என்று முன்பே தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்வதா? நோய் வந்தபின் அவர் தம் கையிலிருந்து எவ்வளவு தரவேண்டும்? இம்மூன்றுக்கும் வெவ்வேறு விடை கொடுத்த மூன்று நாடுகளை எடுத்துக்கொள்வோம். நம் மாணவர் பெரும்பாலும் செல்வதும் அவற்றுக்கே.

பிரிட்டன்: முன்னரே கட்டிவிடும் முறை

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. பெரும்பகுதி வரிப்பணத்தால் நடப்பது அது. மருத்துவமனையில் கட்டணச் சீட்டு என்பது பொதுவாக இல்லை. அயல்நாட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருவோர் மட்டும் 2015 முதல் சுகாதார மேல்வரி ஒன்றைச் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் மாணவர்க்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. வேலைக்குச் செல்வோர்க்கு 1,035 பவுண்டு.

இங்கே இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இத்தொகையைத் தவணையாகக் கட்ட முடியாது. விசா விண்ணப்பத்தின்போதே, விசாக் காலம் முழுமைக்கும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். இரண்டாவது, படிப்புக் காலத்தை வைத்தன்று, விசாக் காலத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஓராண்டுப் படிப்புக்கு முன்னால் ஒரு மாதமும் பின்னால் நான்கு மாதமும் சேர்த்து ஏறத்தாழ 17 மாதத்துக்கு விசா தருவார்கள். 12 மாதத்துக்கு 776 பவுண்டு; மிஞ்சிய ஐந்து மாதம் அரையாண்டாகக் கொள்ளப்படுவதால் அதற்கு 388 பவுண்டு; ஆக மொத்தம் 1,164 பவுண்டு. எங்கள் விடுதியிலிருந்து சென்ற அண்ணன் ஒருவர் 776 என்றே எண்ணிப் பணம் திரட்டி வைத்திருந்தார். கடைசி நாளில் மீதிக்கு ஓடியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கட்டியபின் கவலை குறைவு. உமக்கு என்ன நோய் என்று கேட்டு மேல்வரியைக் கூட்டுவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஆயினும் எல்லாமே இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. பல், கண் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இங்கிலாந்துப் பகுதியில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 2025 இல் 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் அது இல்லை. என்னைப் போல் மாதம் இரண்டு இன்ஹேலர் வாங்குபவர் ஆண்டுக்கு 24 மருந்துக்கு 237.60 பவுண்டு தரவேண்டியிருக்கும். ஆனால் ஓராண்டுக்கு 114.50 பவுண்டு முன்பணம் கட்டி ஒரு சான்று பெற்றால், எத்தனை மருந்து வாங்கினாலும் மேலே கொடுக்க வேண்டியதில்லை. இதை அறியாதவர் பாதிக்கு மேல் வீணாகக் கொடுப்பர்.

ஜெர்மனி: வருவாயில் பங்கு கொடுக்கும் முறை

தொழிலாளர்க்கான கட்டாய நோய்க் காப்பீட்டை 1883 இல் பிஸ்மார்க் காலத்திலேயே சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. நம் இ.எஸ்.ஐ. இந்த மரபின் வழியே வந்தது எனலாம். அங்கே சட்டமுறைக் காப்பீடு என்றும் தனியார் காப்பீடு என்றும் இரண்டு உண்டு. சட்டமுறைக் காப்பீட்டை நடத்தும் நிதியங்கள் பல இருந்தாலும், அடிப்படை விதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நோயைக் காரணம் காட்டி அவை ஒருவரை மறுக்க முடியாது. நோய்க்காகக் கட்டணத்தை உயர்த்தவும் முடியாது. கட்டணம் வருவாயைப் பொறுத்தது.

முதுகலை படிக்கச் செல்லும் மாணவர் 30 வயது வரை மாணவர்க்குரிய சலுகைக் கட்டணம் செலுத்தலாம். 2025 ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். மாணவரின் மாதத் தேவை 855 யூரோ என்று சட்டம் கொள்கிறது. அதில் 10.22 விழுக்காடு அடிப்படைக் கட்டணம்; அதாவது 87.38 யூரோ. நிதியத்துக்கு நிதியம் மாறும் துணைக் கட்டணம் சராசரி 2.5 விழுக்காடு, அதாவது 21.38 யூரோ. பராமரிப்புக் காப்பீடு என்று மற்றொன்றும் கூடவே கட்டாயம், அது 3.6 விழுக்காடு. 23 வயது நிறைந்தும் பிள்ளைப்பேறு இல்லாதவர்க்கு மேலும் 0.6 விழுக்காடு சேர்ந்து 4.2 ஆகிறது, அதாவது 35.91 யூரோ. எனக்கு 23 வயது நிறைந்துவிட்டது; மணமே ஆகவில்லை. ஆயினும் ஜெர்மானியச் சட்டம் பிள்ளை எங்கே என்று கேட்கிறது! ஆக மொத்தம் மாதம் 144.67 யூரோ, ஆண்டுக்கு 1,736 யூரோ. விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் நாம் போட்டுக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ. அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு காப்பீட்டுக்கே போய்விடும் என்பதை வாடகை பேசும்முன் நினைவில் கொள்க.

ஆராய்ச்சி மாணவர் நிலை வேறு. அவர்க்கு மாணவர் சலுகை இல்லை. வேலை ஒப்பந்தத்தின்பேரில் செல்பவர் தொழிலாளர்போல் கருதப்படுவார். 2025 ஆம் ஆண்டுக் கணக்குப்படி 14.6 விழுக்காட்டில் பாதியாகிய 7.3, துணைக் கட்டணத்தில் பாதியாகிய 1.25, பராமரிப்புக்கு 1.8, பிள்ளையின்மைக்கு 0.6, ஆக 10.95 விழுக்காடு சம்பளத்திலிருந்து போகும். மறுபாதியை வேலை கொடுப்பவர் செலுத்துவார். பிள்ளையின்மைக்கு உரியது மட்டும் முழுவதும் நம் தலையிலேயே. சம்பளம் 3,000 யூரோ என்று வைத்துக்கொண்டால் பிடித்தம் 328.50 யூரோ. ஒப்பந்தமின்றி உதவித்தொகை மட்டும் பெற்றுச் செல்பவர் இந்த இரண்டு வாயிலிலும் தாமாக நுழைய முடியாது. அவர் புறப்படுமுன்பே அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, தம் நிலையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நோய் வந்தபின் என்ன செலவு? அட்டையைக் காட்டினால் மருத்துவர் நம்மிடம் பணம் கேட்பதில்லை. மருந்துக்கு அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 5 யூரோ, மிகுதி 10 யூரோ. மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ. அதுவும் ஆண்டில் 28 நாளுக்கு மேல் இல்லை. இவையெல்லாம் சேர்ந்து ஆண்டு வருவாயில் 2 விழுக்காட்டைத் தாண்டினால் மேலே கொடுக்க வேண்டியதில்லை. நெடுநாள் நோய்க்குத் தொடர்ந்து மருத்துவம் பெறுவோர்க்கு அந்த எல்லை 1 விழுக்காடு. மனைவியோ கணவரோ குழந்தையோ தமக்கெனப் போதிய வருவாயின்றி உடன் இருந்தால், தனிக் கட்டணமின்றி அவர்களும் இதே காப்பீட்டுக்குள் வரலாம்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மாணவர்க்குச் சட்டமுறைக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற மூன்று மாத அவகாசம் உண்டு. தனியார் காப்பீடு மாதத்துக்குச் சில பத்து யூரோ மலிவு என்று எண்ணி விலக்குப் பெறுவர். அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது. படிப்பு முடியும்வரை அதற்குக் கட்டுப்பட வேண்டும். இடையில் ஒரு நோய் வந்து, தனியார் காப்பீடு அதற்குப் பணம் தர மறுத்தாலும், மாணவர் என்ற நிலையில் பழைய வாயில் திறக்காது. மேலும் விமானம் இறங்கும் நாளுக்கும் சட்டமுறைக் காப்பீடு தொடங்கும் நாளுக்கும் இடையே சில வாரம் இருக்கலாம். அந்த இடைவெளிக்கு மட்டும் பயணக் காப்பீடு தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா: சொற்களை அறிய வேண்டிய நாடு

அமெரிக்காவில் எல்லோர்க்கும் பொதுவான ஒரே திட்டம் இல்லை. எஃப்-1 விசாவில் செல்லும் மாணவர்க்கு நாடு முழுவதற்குமான காப்பீட்டு விதி எதுவும் இல்லை. அந்தந்தப் பல்கலைக்கழகமே விதிக்கிறது. ஜே-1 விசாவில் செல்வோர்க்கு மட்டும் விதி உண்டு. ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், நோயாளியை ஊருக்கு மாற்ற 50,000 டாலர், இறந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர் என்ற அளவில் காப்பீடு இருக்க வேண்டும்.

ஒரு திட்டத்தின் காகிதத்தைக் கையில் எடுத்தால் ஐந்து சொற்கள் எதிர்ப்படும். அவற்றை அறிந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும்.

பிரீமியம் என்பது நோய் வந்தாலும் வராவிட்டாலும் நாம் கட்டும் தொகை. டிடக்டிபிள் என்பது, காப்பீட்டு நிறுவனம் தன் பையைத் திறக்குமுன் நாம் முதலில் செலவிட வேண்டிய தொகை. கோபே என்பது ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் நாம் வாயிலில் வைக்கும் சிறு தொகை. கோஇன்ஷூரன்ஸ் என்பது டிடக்டிபிள் தீர்ந்தபின் வரும் செலவில் நமக்குரிய விழுக்காடு. அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம் என்பது, ஓர் ஆண்டில் பிரீமியம் நீங்கலாக நம் கையிலிருந்து போகக்கூடிய உச்ச அளவு. அதற்கு மேல் முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. ஐந்தில் முதலாவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். குடும்பத்தைக் காப்பது ஐந்தாவதே.

ஒரு கணக்கால் இதை விளக்குகிறேன். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ‘அ’ என்பது பல்கலைக்கழகத் திட்டம்: பிரீமியம் ஆண்டுக்கு 3,000 டாலர், டிடக்டிபிள் 500, நம் விழுக்காடு 20, உச்ச அளவு 5,000. ‘ஆ’ என்பது வெளியே விற்கும் மலிவுத் திட்டம்: பிரீமியம் 900, டிடக்டிபிள் 500, நம் விழுக்காடு அதே 20. ஆனால் நமக்கு உச்ச அளவு இல்லை. மாறாக, நிறுவனம் தருவதற்கு 1,00,000 என்று உச்ச அளவு உண்டு.

நோயே வராத ஆண்டில் ‘அ’வுக்கு 3,000, ‘ஆ’வுக்கு 900. மருத்துவமனைச் செலவு 10,000 டாலர் ஆனால், இரண்டிலும் நாம் தருவது 500 உடன் மீதி 9,500 இல் 20 விழுக்காடாகிய 1,900, ஆக 2,400. பிரீமியத்தையும் கூட்டினால் ‘அ’ 5,400, ‘ஆ’ 3,300. இதுவரை மலிவுத் திட்டமே வென்றது. “நான் மூன்று ஆண்டு அதைத்தான் வைத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று மூத்தவர் சொல்வது பொய்யன்று.

செலவு 40,000 ஆகட்டும். நம் பங்கு 500 உடன் 7,900, ஆக 8,400. ‘அ’ திட்டத்தில் அது 5,000 இல் நின்றுவிடும். பிரீமியம் சேர்த்து 8,000. ‘ஆ’வில் 8,400 உடன் 900, ஆக 9,300. இங்கே தராசு சாய்கிறது. செலவு 1,50,000 ஆனால் ‘அ’வில் அதே 8,000 தான். ‘ஆ’வில் நிறுவனம் 1,00,000 தந்து கைகழுவிவிடும், மீதி 50,000 உடன் பிரீமியம் 900, ஆக 50,900 டாலர். அதை ரூபாயில் பெருக்கிப் பாருங்கள். என் அப்பா ஆயுள் முழுதும் ஆலையில் ஈட்டியதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதன்பின் பெருக்கக் கை எழவில்லை.

ஜே-1 விதி கேட்கும் 1,00,000 டாலரும் இதே ‘ஆ’ திட்டம் தரும் 1,00,000 தான் என்பதைக் கவனியுங்கள். விசாவுக்குப் போதுமானது நோய்க்குப் போதுமானது ஆகாது.

அமெரிக்காவில் 2010 இல் இயற்றிய சட்டத்தின் பயனாக, 2014 முதல், அச்சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்கள் முன்பே உள்ள நோயைக் காட்டி ஒருவரை விலக்க முடியாது. இன்றியமையாத மருத்துவத்துக்கு ஆண்டு உச்ச வரம்பும் வைக்க முடியாது. தனி நபர் கையிலிருந்து போகக்கூடிய உச்ச அளவையும் அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025 க்கு அது 9,200 டாலர். பயணக் காப்பீடும் குறுகிய காலத் திட்டங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே ஒரு திட்டம் அச்சட்டத்துக்கு உட்பட்டதா என்ற ஒரே கேள்வி பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உச்ச அளவு என்பது நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கே பெரும்பாலும் பொருந்தும். பட்டியலுக்கு வெளியே சென்றால் வேறு கணக்கு. உயிருக்கு ஆபத்தான வேளையில் பெரும்பாலான மருத்துவமனைகள் பணம் பாராமல் முதலில் பார்க்க வேண்டும் என்று 1986 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பார்ப்பார்கள், சீட்டு பின்னால் வரும். எதிர்பாராத கட்டணங்களிலிருந்து நோயாளியைக் காக்கும் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தரைவழி ஆம்புலன்சு வண்டி அதில் சேரவில்லை.

மறைத்து எழுதலாமா?

இனி நான் சொல்லப்போவது எனக்கே நேர்ந்தது. காப்பீடு விற்கும் முகவர் ஒருவரிடம் மலிவுத் திட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டேன். படிவத்தில் “ஆஸ்துமா உண்டா?” என்றொரு கட்டம் இருந்தது. உண்டு என்று எழுதினால் அந்நோய்க்குப் பணம் கிடையாது. அவர் குரலைத் தாழ்த்தி, “இல்லை என்று போட்டுவிடுங்கள் தம்பி, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். பேனாவை எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கையெழுத்திடாமல் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு அறத்தைவிட அச்சமே காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விடுதியில் விதிகளைப் படித்தபின் அந்த அச்சம் சரியானதே என்று கண்டேன். காப்பீடு என்பது நம் சொல்லை நம்பிச் செய்யும் ஒப்பந்தம். படிவத்தைப் பணம் வாங்கும்போது எவரும் கூர்ந்து படிப்பதில்லை. பணம் கொடுக்கும்போதுதான் படிக்கிறார்கள். அப்போது பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். தில்லியில் எனக்கு எழுதிய ஒவ்வொரு சீட்டிலும் அந்நோயின் பெயர் இருக்கிறது. பொய் வெளிப்பட்டால் அந்நோய்க்கு மட்டுமன்றி ஒப்பந்தம் முழுவதுக்குமே முறிவு நேரலாம். உண்மையை எழுதினாலும் ஆஸ்துமாவுக்குப் பணம் இல்லை. ‘ஆ’ போன்ற திட்டத்தில் எனக்கு இழுப்பு வந்து 10,000 டாலர் செலவானால், கொடுக்க வேண்டியது 3,300 அன்று. முழு 10,000 உடன் பிரீமியம் 900, ஆக 10,900. எனக்கு எந்த நோய் வரும் என்று தெரியுமோ, அதற்கே பயன்படாத காப்பீட்டை நான் வாங்க இருந்தேன்!

இதை அப்பாவிடம் சொன்னபோது, “பொய் எழுதி வாங்கினால் அது வெறும் காகிதந்தான்” என்றார். இரண்டு மாதப் படிப்பை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

எந்த நாட்டுக்குச் செல்பவரும் கீழ்வரும் ஏழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, எதிரே விடையை எழுதி முடித்தபின்பே பணம் கட்டுக.

ஒன்று: ஆண்டு முழுவதுக்கும் கட்டணம் எவ்வளவு? தவணையா, முன்பணமா?

இரண்டு: மிகக் கொடிய ஆண்டில் என் கையிலிருந்து போகக்கூடிய உச்ச அளவு எவ்வளவு? விடை எண்ணாக இல்லாமல் “அப்படி ஒன்றும் ஆகாது” என்று வந்தால், அத்திட்டத்தை அங்கேயே வைத்துவிடுக.

மூன்று: நிறுவனம் தருவதற்கு உச்ச வரம்பு உண்டா?

நான்கு: எனக்கு ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருமா? உடனேயா, காத்திருப்புக் காலத்துக்குப் பின்னா?

ஐந்து: எந்த நாள் தொடங்கும், எந்த நாள் முடியும்? இறங்கும் நாளுக்கும் அதற்கும் இடைவெளி உண்டா?

ஆறு: மருத்துவமனையே நிறுவனத்திடம் பெற்றுக்கொள்ளுமா, நான் கொடுத்துவிட்டுப் பின் கேட்டுப் பெற வேண்டுமா? எந்த மருத்துவமனைகள் பட்டியலில் உள்ளன?

ஏழு: இதைத் தேர்ந்தால் பின்னர் மாற்ற முடியுமா?

இவற்றுள் முதற்கேள்வியின் விடையையும் இரண்டாம் கேள்வியின் விடையையும் கூட்டுக. அந்தக் கூட்டுத்தொகையே காப்பீட்டின் உண்மையான விலை. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போதும், இரண்டு நாடுகளை ஒப்பிடும்போதும், ஒப்பிட வேண்டியது அதையே.

அப்பாவுக்கு விடை

இந்த முறைப்படி அப்பாவுக்கு ஒரு தாளில் விடை எழுதி அனுப்பினேன். ஜெர்மனியில், 3,000 யூரோ சம்பளம் என்ற கணக்குப்படி, ஆண்டுப் பிடித்தம் 3,942 யூரோ. நெடுநாள் நோயாளி என்று ஏற்கப்பட்டால் என் கைச்செலவின் எல்லை ஆண்டுக்கு 360 யூரோ, ஏற்கப்படாவிட்டால் 720. அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பிய திட்டம் ‘அ’ வகையைச் சேர்ந்ததே. ஆராய்ச்சி உதவியாளர் என்பதால் பிரீமியத்தில் பெரும்பங்கை அவர்களே ஏற்பார்கள். நல்ல திட்டந்தான், ஆனால் கெட்ட ஆண்டு ஒன்றில் சில ஆயிரம் டாலர் கையில் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவனிடம் அது இராது. ஆகவே அங்கே செல்வதானால் அத்தொகையை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டே மற்றச் செலவைத் தொடங்க வேண்டும்.

ஆராய்ச்சிப் பொருள் எனக்கு மிகவும் பொருந்தியிருந்ததால் ஜெர்மனியையே தேர்ந்தேன். காப்பீட்டுக்காகவே ஒரு நாட்டைத் தேர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நாட்டைத் தேர்ந்தாலும், வீட்டில் கேட்கும் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் நிலையில் புறப்பட வேண்டும் என்றே சொல்கிறேன். நோய் வந்த இரவில் ஆம்புலன்சை அழைப்பதா வேண்டாமா என்று பணத்தை எண்ணித் தயங்கும் நிலை நம்மில் எவர்க்கும் வரக்கூடாது. மூச்சு முட்டும்போது கணக்குப் போட முடியாது. இதை நான் பட்டு அறிந்தவன்.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அயல்நாடு செல்லும் ஒவ்வொருவரும் தம் காப்பீட்டுக் காகிதத்தின் படியொன்றைப் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு மன்ற அறையில் விட்டுச் செல்ல வேண்டும். நாடு வாரியாக ஒரு கோப்பில் அவற்றைச் சேர்த்து வைப்போம். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறும், கேள்விகள் மாறா. என் காகிதமும், இந்த ஏழு கேள்விகளுக்கு நான் எழுதிய விடைத்தாளும் அக்கோப்பில் முதலாவதாக இருக்கும். ஆகஸ்டு வரை நான் விடுதியில்தான் இருப்பேன். காகிதத்தைக் கொண்டுவரும் எவரோடும் உட்கார்ந்து படிக்க அணியமாயிருக்கிறேன்.